தண்டவாளம் கழட்டின பாதையில் ஒரு திங்கட்கிழமை

றெஸ்ரோரண்டில் வேலை செய்கிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை திங்களன்றுதான் வரும். மற்றச் சனம் வேலைக்கு ஓடுகிற நேரம் நாங்கள் போர்வையை இழுத்து மூடுவோம். ஆனால் போன செப்ரெம்பரில் ஒரு திங்கட்கிழமை, விடிய ஆறு மணிக்கே மனைவி எழுப்பிவிட்டாள். முதலாளியிடம் கேட்டு வாங்கின கேற்றரிங் வானுக்குள் இரண்டு சைக்கிளையும் படுக்கப் போட்டோம். சீற்றெல்லாம் சாம்பார் மணம். அலுமினியத் தாளில் சுற்றின புட்டும் முட்டைப்பொரியலும், ஒரு பிளாஸ்க் பிளேன்ரீ. எடிசனிலிருந்து மேற்கே ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓடினால் ஹை பிரிட்ஜ் என்ற சின்ன ஊர். அங்கிருந்துதான் கொலம்பியா ட்ரெயில் தொடங்குகிறது.

முதலில் இது என்ன பாதை என்று சொல்லவேணும். அமெரிக்காவில் கோச்சி ஓடாமல் போன பாதைகளில் தண்டவாளத்தையும் சிலிப்பர் கட்டையையும் கழட்டிவிட்டு, பொடிக்கல் பரவி, நடக்கவும் சைக்கிள் ஓடவும் விட்டிருக்கிறார்கள். ரெயில் ட்ரெயில் என்று பெயர். கோச்சி செங்குத்தான ஏற்றம் ஏறமாட்டாது என்றபடியால் இந்தப் பாதைகள் மலைக்குள்ளேயும் மெல்ல மெல்லத்தான் ஏறும். நாற்பதைத் தாண்டின, அடுப்படியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்த என்னைப் போன்றவனுக்கு ஏற்ற பாதை. மனைவிக்கு ஏற்றம் இறக்கம் ஒன்றும் கணக்கில்லை. அவள் பளைக்காரி. பள்ளிக்கூடத்துக்குப் போய்வர ஒவ்வொரு நாளும் மணல் றோட்டில் உழக்கின கால்.

"நீங்கள் முன்னால போங்கோ, விழுந்தால் நான் பார்த்துக்கொள்ளுறன்" என்றாள். அப்படித்தான் வெளிக்கிட்டோம்.

ஹை பிரிட்ஜ் என்றால் உயரமான பாலம். ஆனால் ஊருக்குள் அப்படி ஒரு பாலமும் இல்லை! 1850களில் சென்ட்ரல் ரெயில்ரோட் ஒஃப் நியூஜேர்சி என்ற கம்பனி ராரிட்டன் ஆற்றின் தென்கிளைக்கு மேலே 112 அடி உயரத்தில், 1300 அடி நீளத்தில் ஒரு பாலம் கட்டியது. பராமரிக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. கொஞ்ச வருஷத்தில், ஆறு போக வளைவு விட்டு, மிச்சத்தை மண்ணால் நிரவி மேடாக்கிவிட்டார்கள். பாலம் மண்ணுக்குள் போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கட ஊர்களிலும் குளம் தூர்ந்த பிறகு பெயரில் மட்டும் குளம் இருக்கிற இடங்கள் எத்தனை.

நாங்கள் சைக்கிள் ஓடினது அந்தப் பெரிய பாதையிலிருந்து வடக்கே பிரிந்த கிளைப்பாதையில். 1870களில் போட்டது. அந்த நேரம் மொறிஸ் கவுண்டியின் குன்றுகளில் இரும்புத் தாது தோண்டினார்கள். அதை உலைகளுக்குக் கொண்டுபோகத்தான் இந்தக் கோச்சி. பிறகு இந்தப் பக்கத்து பீச் பழமும் கோச்சியில் நகரங்களுக்குப் போனது. 1890களில் மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரில் நிலத்தின் மேலேயே அள்ளக்கூடிய தாது அகப்பட்டதும் நியூஜேர்சிச் சுரங்கங்களுக்குக் கேடு வந்தது. பீச் மரங்களை அதே காலத்தில் ஒரு செதில் பூச்சி தின்று முடித்தது. தாது போனது, பழம் போனது, பிறகு லொறியும் காரும் வந்தன. ஒரு ரெயில் பாதை இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிறது. கடைசிக் கோச்சி போனது 1976இல். 1980இல் தண்டவாளத்தைக் கழட்டினார்கள்.

நாலு மைல் போல உழக்கினதும் கென் லொக்வூட் பள்ளத்தாக்கு வந்தது. கீழே ஆறு பாறைகளில் அடிபட்டு ஓடுகிறது, மேலே பழைய ரெயில் பாலம், எண்பது அடி உயரம் வரும். மரப்பலகை அடித்துக் கம்பி வேலி போட்டிருக்கிறார்கள். 1885 ஏப்ரலில் இந்த இடத்தில் தாது ஏற்றி வந்த கோச்சியோடு பாலம் இடிந்து விழுந்தது. விழுந்த என்ஜினுக்குப் பெயர் கொலம்பியா. பாதைக்கும் அந்தப் பெயர்தான் என்றாலும் அது என்ஜினிலிருந்து வந்ததில்லை. கோச்சி நின்றபிறகு கொலம்பியா என்ற எரிவாயுக் கம்பனி, குழாய் தாட்பதற்காக இந்தப் பாதையை வாங்கியது. நாங்கள் சைக்கிள் ஓடுகிற மண்ணுக்குக் கீழே காஸ் போகிறது. பாதை துண்டு துண்டாக விற்கப்படாமல் தப்பியது. பிறகு ஹண்டர்டன், மொறிஸ் என்ற இரண்டு கவுண்டிகளின் பூங்காக்களுக்குள் சேர்ந்தது.

பாலத்து வேலியில் சைக்கிளைச் சாத்திவிட்டு ரீ குடித்தோம். மனைவி கீழே பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இதில கிடந்த சிலிப்பர் கட்டையெல்லாம் எங்க போயிருக்கும்?"

எனக்கு உடனே எங்கட அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

இனி எங்கட கோச்சிக் கதை. யாழ்ப்பாணத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் ரெயில் ஓடத் தொடங்கினது 1902இல். 1905இல் கொழும்போடு முழுதாக இணைந்தது. யாழ்தேவி 1956 ஏப்ரலில் தொடங்கியது. காங்கேசன்துறைச் சீமெந்து தெற்கே போனது, எங்கட புகையிலை போனது, கொழும்புக் கந்தோர்களில் வேலை பார்த்த ஆம்பிளையள் வெள்ளிக்கிழமை இரவு ஏறி சனி விடிய வீட்டுப் படலையைத் திறந்தார்கள். யாழ்ப்பாணத்து நடுத்தர வர்க்கம் எழும்பினதில் பாதி இந்தத் தண்டவாளத்தின் மேலேதான். 1985 ஜனவரியில் முறிகண்டியில் யாழ்தேவி தாக்கப்பட்டது. அதன்பிறகு ஓடியும் நின்றும், 1990 ஜூனில் ஒரேயடியாக நின்றுபோனது.

எனக்கு அப்போது எட்டு வயது. எங்கட வீடு கொக்குவிலில், பாதையிலிருந்து ஒரு ஒழுங்கை தள்ளி. வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் யாழ்தேவியில் போயிருக்கிறேன், அதுவும் அம்மாவின் மடியில். கோச்சி நின்ற கொஞ்ச நாளில் பொம்பர் வரத் தொடங்கினது. எல்லா வீட்டிலும் பங்கர் வெட்டினார்கள். கிடங்கு வெட்ட மண்வெட்டி போதும். மேலே மூடப் பனங்குத்தி வேணும், அல்லது தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் வேணும். சண்டை பிடிக்கிறவையும் கழட்டினார்கள், சனமும் கழட்டினது. யார் முதலில் தொடங்கினது என்று கேட்டால் எல்லாரும் அடுத்தவனைக் காட்டுவார்கள்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவர். சங்கத்துப் பேனையை வீட்டுக்குக் கொண்டுவராத மனிசன். அந்த மனிசன் ஒரு இரவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய், காரியரில் குறுக்காகக் கட்டி, ஒரு முறைக்கு ஒன்றாக ஆறு சிலிப்பர் கட்டை கொண்டுவந்தார். எண்ணெய் மணம் மாறாத பாரமான கட்டைகள். விடிய அம்மாவுக்குச் சொன்னது இன்னும் காதில் கிடக்கிறது: "ஆறு கட்டை எடுத்தனான். கோச்சி திரும்ப வரேக்க ஆறையும் குடுக்கவேணும்."

அந்த ஆறு கட்டைக்குக் கீழே இருந்துதான் நாங்கள் உயிர் தப்பினோம். அடுத்த வளவில் குண்டு விழுந்த அன்று மேலேயிருந்து மண் கொட்டினது, கட்டை அசையவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு ஊரோடு சேர்ந்து நாங்களும் சாவகச்சேரிப் பக்கம் வெளிக்கிட்டோம். 1996இல் திரும்பி வந்தபோது கிடங்கு இருந்தது, கட்டைகள் இல்லை. எங்களைப் போல வேறு யாருக்கோ தேவைப்பட்டிருக்கும். அப்பாவுக்கு அது பெரிய கவலை. "திருப்பிக் குடுக்கிறதுக்கு இனி என்னட்ட என்ன கிடக்கு" என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இன்னொரு விசயம். தண்டவாளம் போனபிறகு அந்தப் பாதையை நாங்கள் என்ன செய்தோம் தெரியுமோ? சைக்கிள் ஓடினோம்! பெற்றோலுக்குத் தடை இருந்த காலம். கார்கள் மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடின, மிச்சச் சனம் முழுக்கச் சைக்கிளில். நோயாளியும் சைக்கிளில், பிரேதப் பெட்டியும் சைக்கிளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைக் கையால் சுற்றித்தான் இரவில் பிபிசி தமிழோசை. எங்கட பக்கத்தில் கொக்குவிலிலிருந்து கோண்டாவில் பக்கம் ரியூசனுக்குப் போகப் பெடியள் பிடித்த குறுக்குப் பாதை, கல்லுக்குள் ஒற்றையடியாக விழுந்த அந்தப் பழைய ரெயில் பாதைதான். அப்ப பார்த்தால் அமெரிக்காவுக்கு வர முன்னமே நான் ரெயில் ட்ரெயிலில் சைக்கிள் ஓடினவன். பலகை வைத்துப் பெயர் எழுதத்தான் ஆள் இருக்கவில்லை.

பாலத்திலிருந்து கலிஃபோன் என்ற ஊருக்கு ஓடினோம். கல்லால் கட்டின பழைய ஸ்ரேசனை ஊர்ச் சரித்திரச் சங்கம் காட்சியகமாக்கி வைத்திருக்கிறது. கலிபோர்னியா என்று எழுத வெளிக்கிட்டுப் பலகையில் இடம் காணாமல் கலிஃபோன் ஆனது என்று ஊரார் ஒரு பகிடிக் கதை சொல்வார்கள். அதற்கு அங்காலே லோங் வலி. அந்த ஊருக்குப் பழைய பெயர் ஜேர்மன் வலி. ஜேர்மனியிலிருந்து வந்த குடியானவர்கள் குடியேறின இடம். முதலாம் உலகப்போரில் அமெரிக்கா ஜேர்மனியோடு சண்டைக்குப் போனதும் அந்தப் பெயர் கூடாத பெயராகி, லோங் வலி என்று மாறியது. நூற்றைம்பது வருஷம் இருந்த குடிகளே ஒரு போர் வந்ததும் தங்கள் ஊர்ப்பெயரை மறைக்கவேண்டி வந்திருக்கிறது. வந்தேறு குடியென்ற எங்கட கதைக்கு இங்கே புதினம் ஒன்றுமில்லை.

லோங் வலியில் ஒரு மரத்துக்குக் கீழே புட்டைப் பிரித்தோம். அங்கே வைத்துத்தான் மனைவிக்கு இந்த நாட்டுச் சட்டக் கதையைச் சொன்னேன். நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படித்தவன். மூன்றாம் வருஷத்தில், 2006 ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டினதோடு என் படிப்பும் பூட்டுப்பட்டது. கோப்பை கழுவ வந்தபிறகும் வாசிக்கிற பழக்கம் மட்டும் போகவில்லை.

அமெரிக்காவின் ரெயில் பாதைகள் 1916இல் உச்சத்தில் இருந்தன, இரண்டரை லட்சம் மைலுக்கு மேலே. அதற்குப் பிறகு இறக்கம்தான். பாதையைக் கைவிட்டால் காணி பழைய சொந்தக்காரரிடம் துண்டு துண்டாகப் போய்விடும். பிறகு ஒரு காலத்தில் கோச்சி தேவைப்பட்டால் அந்த நீளப் பாதையைத் திரும்ப ஒட்டவே ஏலாது. அதனால் 1983இல் காங்கிரஸ் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. கோச்சி ஓடாத பாதையை நடைபாதையாக நடத்த யாராவது பொறுப்பெடுத்தால், சட்டத்தின் கண்ணில் அது கைவிடப்பட்ட பாதை ஆகாது. தேவை வந்தால் தண்டவாளம் திரும்பி வரலாம். வங்கியில் காசு போட்டு வைப்பது போல ரெயில் பாதையைப் போட்டு வைக்கிறது.

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. வெர்மொண்ட் மாநிலத்தில் ஒரு கணவனும் மனைவியும், கோச்சி போகாவிட்டால் காணி எங்களுக்குத்தானே, சைக்கிள்காரருக்கு ஏன் விடவேணும் என்று வழக்குப் போட்டார்கள். 1990 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது, காணி போனதாக நினைத்தால் நட்டஈடு கேட்கலாம் என்றும் சொன்னது. 1996இல் இன்னொரு மேல்நீதிமன்றம் அவர்களுக்கு நட்டஈடு சேரவேணும் என்று தீர்த்தது. 2014 மார்ச்சில், வயோமிங் மாநிலத்து வேறொரு வழக்கில், அரசு முன்பு ரெயிலுக்கு வழியுரிமை கொடுத்த காணியில் கோச்சி கைவிட்டால் உரிமை காணிக்காரருக்கே என்று எட்டுக்கு ஒன்று கணக்கில் தீர்ப்பு வந்தது. வலிகாமம் வடக்கில் காணியை விட்டுவிட்டு வருஷக்கணக்காக அகதி முகாமில் இருந்த சனத்தைக் கண்ட எனக்கு, அந்தக் காணிக்காரரில் கோபம் வரவில்லை. ஆனால் அவர்களுக்கு வழக்குப் போட ஒரு வாசல் இருந்தது.

1990 பெப்ரவரியில் இங்கே, கோச்சி இல்லாத பாதையையும் உயிரோடு வைத்திருக்கலாம் என்று தீர்ப்பு. நாலு மாதம் கழித்து அங்கே கோச்சி நின்றது. எங்கட பாதைக்குச் சட்டம் ஒன்றும் காவல் இருக்கவில்லை. தண்டவாளம் இல்லை, கட்டை இல்லை, யாழ்ப்பாண ஸ்ரேசன் கூரை இல்லாமல் நின்றது, பாதையில் கொட்டில் போட்டு இடம்பெயர்ந்த சனம் இருந்தது. என்றாலும் கோச்சி திரும்பி வந்தது. இந்தியக் கடனில், இந்திய அரசின் இர்கொன் நிறுவனம் பாதையைப் போட்டது. 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை. 24 வருஷம். இப்ப போட்டிருப்பது கொங்கிரீற் கட்டைகள். அப்பா அதைப் பார்க்க இருக்கவில்லை, 2012இல் போய்விட்டார்.

மனைவி அந்தக் கோச்சியில் ஏறினவள். கொழும்புக்கு விசா நேர்முகத்துக்குப் பளையிலிருந்து வெளிக்கிட்டவள். நான் இன்னும் ஏறவில்லை. முதலில் பயம், பிறகு காசில்லை, பிறகு லீவில்லை, பிறகு அங்கே ஆர் இருக்கினம் என்ற கேள்வி.

இந்தக் கதையெல்லாம் ஏன் அன்று வந்தது என்றால், ரொறன்ரோவிலிருந்து அண்ணை ரெலிபோன் எடுத்து ஒரு கிழமை. கொக்குவில் காணிக்கு நல்ல விலை வந்திருக்கிறதாம். அற்றோனித் தத்துவத்தில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் காரியம் முடிந்தது. அண்ணையில் பிழை சொல்லமாட்டேன், அவருக்கும் பிள்ளைகளின் படிப்பு, வீட்டுக் கடன். அந்தக் காணியின் பின் மூலையில் அரைவாசி தூர்ந்துபோய் அந்தப் பங்கர் கிடங்கு இன்னும் கிடக்கிறது.

நான் மனைவிக்குப் பெரிதாக வியாக்கியானம் சொன்னேன். பாரும், இந்த நாட்டில் ஓடாத கோச்சிக்கே பாதை வைத்திருக்கிறார்கள், நாங்களும் காணியை அப்படி வைத்திருக்கலாம், போறமோ இல்லையோ பாதை கிடக்கட்டும் என்று. அவள் புட்டைக் குழைத்துக்கொண்டே கேட்டாள்:

"இஞ்ச பாருங்கோ, இந்தப் பாதையில புல்லு ஆர் வெட்டுறது?"

"கவுண்டிக்காரர்."

"மரம் விழுந்தால்?"

"அதுவும் அவைதான்."

"கொக்குவில்ல ஆர் வெட்டுறது? 19 வருஷமா ஒருக்காலும் போகாதனீங்கள். ஒருத்தரும் போகாத பாதை பாதையே? அது பத்தை."

என்னிடம் பதில் இருக்கவில்லை. அவள் சொன்னதுதான் அந்த 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் உள்விசயமும் என்று பிறகு யோசித்தேன். பாதை சும்மா கிடந்து உயிரோடு இருப்பதில்லை. யாராவது பொறுப்பெடுத்து, செலவழித்து, அதில் சனம் போய்வந்தால்தான் சட்டமும் அதை ஏற்றுக்கொள்கிறது. ஆசை மட்டும் வைத்திருக்கிறவனுக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

லோங் வலிக்கு அங்காலே பாதை பார்ட்லி மட்டும் போகிறது, மொத்தம் பதினாறு மைலுக்குக் கிட்ட. மனைவி கடைசி மட்டும் போகவேணும் என்று நின்றாள். என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. அவள் தனியாகப் போய் வந்தாள், நான் மரத்தடியில் சைக்கிளுக்குக் காவல். திரும்பி வந்தபோது, "முடியிற இடத்தில ஒண்டுமில்லை, ஒரு றோட்டுத்தான். எண்டாலும் பார்த்திட்டன்" என்றாள்.

திரும்பும்போது இறக்கம், சைக்கிள் தன்பாட்டில் உருண்டது. பொழுதுபடப் பள்ளத்தாக்குப் பாலத்தில் இன்னொருக்கால் நின்றோம். "ஆறு கட்டைக்கு என்ன விலை வரும்?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "கொழும்பிலயிருந்து கொக்குவிலுக்கு ரெண்டு ரிக்கெற் எடுத்தால் மாமாவின்ர கடனில கொஞ்சமாவது கழியும்" என்றாள். பகிடிக்குத்தான் சொன்னாள், ஆனால் நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் அண்ணைக்கு ரெலிபோன் எடுத்து, கையெழுத்துப் போட முன்னம் ஒருக்கால் போய்ப் பார்க்கப் போறன், அதுமட்டும் பொறு என்றேன். அவர் கொஞ்சம் பேசினார், பிறகு தை மாதம் மட்டும் பொறுக்கிறன் என்றார். முதலாளியிடம் மூன்று கிழமை லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் ஓமென்று சொல்லவில்லை. பார்த்துவிட்டு விற்கிறதோ வைத்திருக்கிறதோ, அது அங்கே நின்றுதான் முடிவு. பத்தையாகிப் போயிருந்தால் பத்தை என்று ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

சைக்கிள் இரண்டும் இப்ப வீட்டு நடைபாதையில் நிற்கின்றன. முழங்கால் நாலு நாளாக நொந்தது. வாற திங்களும் போவமோ என்று மனைவி கேட்கிறாள்.